352 சாரும் பின்கேட்டுப் பூட்டும்

சிதம்பரம் மேலவீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்படும். அறிவிப்பவர் பொன்னுரங்கம். காலை டீக்கு முன்னால் அறிவித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் அதை ரத்தும் செய்துவிடுவார். இடையில் ஹால் நிறைந்த பிள்ளைகள் பேச்சுரிமையை இழந்து, மறுபடி பெற்று, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அவர்களிடம் பொன்னுரங்கம் சார் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். 352 சார் என்று கேட்டால்தான் கைகாட்டுவார்கள்.

போர், படையெடுப்பு, ஆயுதக் கிளர்ச்சி என்று நாட்டுக்கே ஆபத்து வந்தால் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம் என்று சொல்கிற உறுப்புதான் அந்த 352. மனிதருக்கு அதன்மேல் அப்படி ஒரு காதல். அடிப்படை உரிமைகளை ஏனோதானோ என்று நடத்துவார். அவற்றைப் பறிக்கிற பாடம் வந்தால்தான் குரல் எழும்பும்.

"எழுவத்தஞ்சுல ராவோட ராவா கையெழுத்தாச்சு. மந்திரிசபைக்கே மறுநாள் காலையிலதான் தெரியும். கேக்க ஒரு நாதி இல்ல! அதுக்கப்பறம்தான் நாப்பத்தி நாலாவது திருத்தம் வந்து மூக்கணாங்கயிறு போட்டுச்சு. மந்திரிசபை எழுத்துல குடுக்கணும். ஒரு மாசத்துக்குள்ள நாடாளுமன்றம் ஒத்துக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா மறுபடியும் போய் நிக்கணும். அந்த ஆறு மாசம்தாண்டா ஜனநாயகம். மறந்தீங்க, மார்க் போச்சு!"

மார்க் போவது பற்றி அவருக்குத் தெரியாததில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்ட குடும்பத்தில் முதன்முதலாக எம்.ஏ. வரை போனவர். வயசு வரம்பு முடிகிறவரை அவரும் அதே குரூப் தேர்வை எழுதிப் பார்த்தார். அரசியலமைப்பு தூக்கிவிடும், கணக்கு காலை வாரும். எழுதத்தானே கூடாது, சொல்லிக்கொடுக்கத் தடையில்லையே என்று சாக்பீஸைக் கையில் எடுத்தார். அவரிடம் படித்தவர்கள் இன்று தாலுகா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சான்றிதழுக்காகப் போனபோது அப்படி ஒரு மாணவர் எழுந்து நின்று, "உக்காருங்க சார், நீங்க நடத்துன 356 இன்னும் மறக்கல" என்று உருகினார். சான்றிதழுக்கு மட்டும் அடுத்த வாரம் வரச்சொன்னார்.

இப்படி ஊருக்கெல்லாம் நெருக்கடி நிலையைச் சொல்லிக்கொடுத்தவர் தன் சொந்தத் தெருவுக்கு என்ன செய்தார் என்பதுதான் கேட்கவேண்டிய கதை.

கடலூரிலிருந்து திருவந்திபுரம் போகிற சாலையில், கெடிலம் ஆற்றுக்குச் சற்று மேட்டில் இருக்கிறது முல்லை நகர். சுற்றிலும் மதில். ரோட்டைப் பார்த்து ஒரு கேட், ஆற்றைப் பார்த்து ஒரு பின்கேட். பின்கேட்டுக்கு வெளியே, பள்ளத்தில், ஆத்தோரத் தெரு. அந்தத் தெருவுக்கு இன்னொரு வழியும் உண்டு, தரைப்பாலம் வழியாக. ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் முழுகுவதே அந்தத் தரைப்பாலம்தான். அதனால் மழைக்காலத்தில் ஆத்தோரத் தெருக்காரர்கள் பின்கேட் வழியாக மேட்டுக்கு ஏறி, முல்லை நகர்க் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் தங்கிவிட்டுப் போவார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அந்தக் கேட்டில் பூட்டே இருந்ததில்லை.

சங்கத்துக்குத் தலைவர் சபாபதி. நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்து, அதை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறவர். ஓய்வுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பொருளாளர் ராஜாமணி, எதிலும் மாட்டிக்கொள்ளாத மனிதர். சட்டம் தெரிந்தவர் என்பதால் பொன்னுரங்கத்தைச் செயலாளராகப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

முல்லை நகரில் ஓட்டெடுப்பு என்று ஒன்று நடந்ததே கிடையாது. செயலாளர் தீர்மானத்தைப் படிப்பார். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார் தலைவர். கைதட்டுவார்கள். 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதிவிட்டு வடைத்தட்டை நகர்த்துவார்கள். ஓட்டுப் போடுவதெல்லாம் சண்டைக்காரர்கள் வேலை என்பது அவர்கள் எண்ணம். நாளைக்கு ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க வேண்டாமா? இன்னொரு வழக்கமும் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சபாபதி ராஜினாமா செய்வார். "எனக்கு வேணாம்ப்பா, ஆள வுடுங்க" என்று எழுந்துவிடுவார். உடனே கூட்டமே பதறி, "ஐயோ தலைவரே!" என்று கெஞ்சி, சால்வை போர்த்தி உட்காரவைக்கும். அந்தச் சால்வையை ராஜாமணி முன்கூட்டியே வாங்கிப் பையில் வைத்திருப்பார்.

இரண்டு மழைக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளம் வந்தது. முல்லை நகருக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். அன்றைக்குச் சபாபதி செய்ததைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். தன் கைக்காசில் ஜே.சி.பி. பிடித்து மதிலோரம் வாய்க்கால் வெட்டினார். தண்ணீரில் நடந்தே வீடு வீடாகப் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தார். பொன்னுரங்கத்தின் வீட்டுக்கும் வந்தார். நனைந்த வேட்டியோடு அவர் மாடிப்படியில் நின்று பால் பாக்கெட்டை நீட்டியபோது பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளம் வடிந்த வாரமே பொதுக்குழு கூடியது.

"ஜே.சி.பி. கூப்புட மூணு கொட்டேஷன் வாங்கணும்னாரு நம்ம ராஜாமணி. தண்ணி என்ன கொட்டேஷன் கேட்டுக்கிட்டா உள்ள வருது? அவசரத்துக்குன்னு ஒரு ஷரத்து எழுதுங்க வாத்தியாரே" என்றார் சபாபதி.

நியாயமான கேள்வி. வினை எப்போதும் நியாயமான கேள்வியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

பொன்னுரங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்ததை இன்றைக்கு அவரே எழுதப்போகிறார்! 'வெள்ளம், புயல் முதலிய அவசரக் காலங்களில் சங்கத்தின் எல்லா அதிகாரங்களையும் தலைவரே செலுத்தலாம்' என்று எழுதினார். அதன்கீழ், 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுக்குழுவின் ஒப்புதல் பெறவேண்டும்' என்று எழுதி, வகுப்புப் பழக்கத்தில் அடிக்கோடும் போட்டார்.

சபாபதி அந்த வரிமேல் விரலை வைத்தார். "இது எதுக்கு வாத்தியாரே? என்ன நம்பலியா?"

"ஐயையோ, உங்களுக்காக இல்ல தலைவரே. ஒரு முறைக்கு..."

"நாம என்ன ஓடியா போயிடப் போறோம்?"

பொன்னுரங்கத்தின் மனசில் அந்தப் பால் பாக்கெட் வந்து நின்றது. வாங்கிக் குடித்துவிட்டு, கொடுத்தவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகப்படுவதா? பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். 'அவசரம் நீங்கியதாகத் தலைவர் கருதும்வரை' என்று மாற்றினார். கைதட்டினார்கள். ஒருமனதாக நிறைவேறியது. அன்றைக்கு மெதுவடை.

நாடாளுமன்றம் அரும்பாடுபட்டுப் போட்ட மூக்கணாங்கயிற்றை நம் ஆள் ஒரு பாக்கெட் பாலுக்கு அவிழ்த்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

மழை போனது. பொங்கல் போனது. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. முல்லை நகரின் அவசரம் மட்டும் அசையவில்லை.

"தலைவரே, தண்ணி வடிஞ்சு எவ்ளோ நாளாச்சு..." என்று பொன்னுரங்கம் ஒருநாள் மெல்ல இழுத்தார்.

"எங்க வடிஞ்சுது? அங்க பாருங்க, நிக்குது." சபாபதி தெருமுனைக் காலிமனையைக் காட்டினார். கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கத்தான் செய்தது. தவளைகூடக் கத்தியது. "மழ வுட்டும் தூவானம் வுடல வாத்தியாரே."

அந்தக் காலிமனை சபாபதியுடையது. அவர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அதில் போய்ச் சேரும். ஆகக்கூடி, தலைவர் மோட்டாரை நிறுத்த மறக்கிறவரை முல்லை நகர் வெள்ள அபாயத்தில் இருந்தது.

சங்கத் தேர்தல் தண்ணீர் வடிந்தபிறகு என்று தள்ளிப்போனது. கோலப்போட்டி நின்றது. வாட்ஸ்அப் குரூப்பில் ஜாஸ்தி வதந்தி வருகிறது என்று, இனித் தலைவர் மட்டும்தான் செய்தி போடலாம் என்று மாற்றினார்கள். மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம். '358, பேச்சுரிமை தானாக நின்றுபோகும்' என்று பொன்னுரங்கம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே அவரும் ஒரு கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகுதான் பூட்டு வந்தது. ராஜாமணி வீட்டு வாசலில் கிடந்த புதுச்செருப்பு காணாமல் போனது. வெளியாள் நடமாட்டம் என்று பின்கேட்டுக்கு ஒரு பெரிய பூட்டைப் போட்டார் சபாபதி. சாவி அவர் இடுப்புக்குப் போனது. நாலு நாள் கழித்து அந்தச் செருப்பு ராஜாமணியின் மச்சான் காலில் தென்பட்டது. அதனால் என்ன? உத்தரவு உத்தரவுதானே!

பொன்னுரங்கத்தின் மனைவி வெண்மதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஜான்சி, ஆத்தோரத் தெருவில் வாடகைக்கு இருந்தாள். பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த நேரம்.

"மாமா, ஆத்துல தண்ணி வந்தா ஜான்சியெல்லாம் எந்த வழியா ஏறுவா?" என்று கேட்டாள் வெண்மதி.

"வந்தா தலைவர் தொறந்து வுடுவார்."

"அவர் ஊர்ல இல்லன்னா?"

"நீ ஒருத்தி! வராத தண்ணிக்கு இப்பவே ஒப்பாரி வெக்காத."

அவள் கேட்டது சரி என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. கேட்டைத் திறந்துவையுங்கள் என்று தலைவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். சபாபதியைப் பார்த்ததும் பால் பாக்கெட் ஞாபகம் வந்து வாயை அடைத்தது.

அடுத்த மழைக்காலமும் வந்துசேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே விடாத அடைமழை. பாடம் அன்று மத்தியானத்துக்கு மேலும் நீண்டது. சிதம்பரம் மாடியில் பொன்னுரங்கம் 352ஐ முடிக்கிற நேரத்தில், காட்டுமன்னார்கோயிலிலிருந்து வருகிற ஸ்ரீமதி என்ற பெண் எழுந்து நின்றாள்.

"சார், ஆறு மாசத்துக்கு ஒருக்கா நாடாளுமன்றம் கேக்கும்னு சொன்னீங்க. அவுங்களும் சும்மா தலையாட்டிட்டா?"

"அது... சிலபஸ்ல இல்லம்மா."

வகுப்பு சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அப்போதுதான் போன் அடித்தது. வெண்மதி.

"மாமா, தரைப்பாலம் முழுகிடுச்சு. கெடிலம் ஏறிக்கிட்டே வருது. ஆத்தோரத் தெரு சனம் பூரா பின்கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்குது. ஜான்சி புள்ளையத் தூக்கிக்கிட்டு மழையில நிக்கிறா. சாவி வேணும்."

"தலைவர்கிட்ட கேளேன்."

"அவர் சிதம்பரத்துலல்ல இருக்கார்! தங்கச்சி மவ கல்யாணம், வடக்குவீதி மண்டபத்துல. போன எடுக்க மாட்டேங்கறார். நீங்க நேரா போங்க. பூட்ட உடைங்கன்னு அவர் ஒரு வார்த்த சொன்னா போதும், இங்க உடைச்சிடுவாங்க."

"குரூப்ல போட்டுப் பாத்தியா?"

"போட முடியாதே மாமா! கட்ட வெரலத்தான் காட்டலாம்."

பொன்னுரங்கம் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். மண்டப வாசலில் சபாபதி பட்டு வேட்டியும் சந்தனமுமாக நின்றிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து.

"வாங்க வாத்தியாரே! இந்த மழையிலயும் வந்தீங்களே! மொதல்ல சாப்புடுங்க."

பொன்னுரங்கம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார்.

"பதறாதீங்க. நான் விசாரிச்சிட்டேன். இது வெறும் மழத்தண்ணி, ராவுல வடிஞ்சிடும்."

"தரைப்பாலம் முழுகிடுச்சாம் தலைவரே."

"அது ஒரு குடம் தண்ணி ஊத்துனாலே முழுகும். இன்னிக்கு ஒருக்கா பூட்ட உடைச்சா அதுவே பழக்கமாயிடும். நாளைக்கு முகூர்த்தம் முடிஞ்சதும் நானே வந்து நெலவரத்தப் பாக்கறேன். எது அவசரம், எது அவசரம் இல்லன்னு முடிவு பண்ற பொறுப்ப நீங்கதானே என் கையில எழுதிக் குடுத்தீங்க?"

பொன்னுரங்கத்தின் எழுத்து அவரையே பார்த்துப் பேசியது. தோளைப் பிடித்து அழைத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தார் சபாபதி. இலை போட்டார்கள். இட்லி வந்தது, பின்னாலேயே கத்திரிக்காய் கொத்சு. எழுந்துபோனால் மரியாதையாக இருக்காது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று விண்டு வாயில் வைத்தார். கொத்சு அருமையாக இருந்தது. அதுதான் கொடுமை.

போன் அடித்தது. "சொன்னாரா?"

"பேசிக்கிட்டிருக்கேன் வெண்மதி. கொஞ்சம் பொறு."

"அவுங்க முழங்காலுக்கு வந்தாச்சு தண்ணி. ராஜாமணி அண்ணன் உத்தரவு இல்லாம தொட மாட்டேன்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறார். மத்தவங்க குடையப் புடிச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கறாங்க. அது என்ன சத்தம்? கொத்சு, கொத்சுன்னு யாரோ கேக்கறாங்க... சாப்புடுறீங்களா?"

விண்ட இட்லியை அவர் இலையிலேயே வைத்தார்.

"சாப்புடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

பொன்னுரங்கம் இலையை மூடிவிட்டு, சபாபதியிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். கடலூர் பஸ் மழையில் ஊர்ந்தது. வழிநெடுக வெண்மதியைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஜான்சியின் குழந்தையை ஒருமுறை கையில் வாங்கியிருக்கிறார். பஞ்சு மாதிரி இருந்தது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? எந்த நெருக்கடி நிலையிலும் 21ஐத் தொடமுடியாது, உயிர்வாழும் உரிமையை யாராலும் நிறுத்திவைக்க முடியாது என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியவர், இட்லிக்குக் கொத்சு தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். சங்கக் கட்டடம் முழுக்க வெளிச்சம், பிள்ளைகள் கூச்சல். பின்கேட் விரியத் திறந்து கிடந்தது. பூட்டு வாயைப் பிளந்து சேற்றில் கிடக்க, பக்கத்தில் ஓர் அம்மிக்குழவி. அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவர்கள் கல்யாணத்தில் வெண்மதி கால்வைத்த அம்மியின் குழவி. மிக்ஸி வாங்கியபிறகு காற்றில் கதவு அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். போனை வைத்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டின்மேல் போட்டிருக்கிறாள். ராஜாமணி, சாட்சி சொல்லவேண்டி வருமோ என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

ஆத்தோரத் தெருவில் தண்ணீர் ஜன்னல்வரை நின்றது. வீட்டுச் சாமான்கள் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை. ஜான்சியின் குழந்தை சங்கத்து மேஜைமேல், தலைவர் நாற்காலிக்கு நேர் எதிரே, கைமுஷ்டியை மடக்கிக்கொண்டு தூங்கியது.

வெண்மதி அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "நீங்க சாப்டாச்சுல்ல? நல்லது. இங்க உப்புமா எல்லாருக்கும் பத்தல" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. தண்ணீர் இறங்கி ஆத்தோரத் தெருக்காரர்கள் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் சிதம்பரத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வழக்கமாக வராத வெண்மதியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சபாபதி தீர்மானத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். தலைவரின் அவசர அதிகாரத்தால் பெருஞ்சேதம் தவிர்க்கப்பட்டதற்கு நன்றி. பூட்டை உடைத்த செயலுக்குக் கண்டனம். பின்கேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுவர் வைப்பது. பொன்னுரங்கம் படித்து முடித்தார்.

"எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார் சபாபதி. கைகள் தட்டுவதற்கு எழும்பின.

"எனக்குச் சம்மதமில்ல தலைவரே" என்றார் பொன்னுரங்கம்.

எழும்பிய கைகள் அப்படியே நின்றன. முல்லை நகரில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது.

"சுவர் வெச்சா அடுத்த மழைக்கு அவுங்க எங்க போவாங்க? ஒருமனதான்னு நான் எழுத மாட்டேன்."

சபாபதியின் முகம் சுண்டிப்போனது. நடிப்பு இல்லை, நிஜமாகவே நொந்துபோனார். "இடுப்பளவு தண்ணியில வந்து பால் குடுத்தேனே வாத்தியாரே."

"குடுத்தீங்க. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். சுவருக்கு மட்டும் சம்மதமில்ல."

"அப்ப நான் எதுக்கு இங்க? எனக்கு வேணாம்ப்பா, ஆள வுடுங்க. இந்தா, ராஜினாமா!" என்று எழுந்தார் சபாபதி.

கூட்டம் பதறவேண்டிய கட்டம் இது. ராஜாமணியின் கை சால்வைப் பைக்குள் போய்விட்டது. 'ஐயோ தலைவரே' என்ற சத்தம் எல்லார் தொண்டைக்கும் வந்துகொண்டிருந்தது. அது வெளியே வருவதற்குள் பொன்னுரங்கம் முந்திக்கொண்டார்.

"தலைவரின் ராஜினாமா ஏற்கப்படுகிறது. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

யார் எதிர்ப்பார்கள்? எதிர்த்துப் பேசுகிற பழக்கம்தான் அந்த நகரிலேயே கிடையாதே! அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தபோது வாயைத் திறக்காத அதே மரியாதை, அது பறிபோகும்போதும் வாயைத் திறக்கவிடவில்லை. கேள்வியைக் கேட்ட பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து ஒருத்தர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். ஒருமனதாக நிறைவேறியது. ராஜாமணிக்கு வெளியே எடுத்த சால்வையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பேசாமல் போர்த்திவிட்டார். சபாபதி சால்வையோடு கொஞ்ச நேரம் நின்றார். யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். பாவமாகத்தான் இருந்தது.

நாற்காலி காலியாக இருந்தால் முல்லை நகருக்குக் கை அரிக்கும். "வாத்தியாரே இருக்கட்டும்" என்றார் ராஜாமணி. "இன்னொரு புயல் வேற வருதாம். அந்த அவசர அதிகாரமும் அவர்கிட்டயே இருக்கட்டும். சட்டம் தெரிஞ்சவர்."

கைதட்டல் கட்டடத்தை அதிரவைத்தது. யாரோ கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்து பார்த்தபோது பொன்னுரங்கத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஒரு தேர்விலும் கிடைக்காத நாற்காலி! பின்கேட்டைத் திறந்தே வைக்கலாம். அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லலாம். ஆத்தோரத் தெருவுக்குப் படி கட்டலாம். எல்லாம் நல்ல காரியம்தான், இதற்குப்போய் யாரைக் கேட்கவேண்டும்?

ஆனாலும் மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. "அந்த ஆறு மாச வரிய மறுபடி சேத்துக்கலாமா?" என்று கேட்டார். இன்னொரு வடை கிடைக்குமா என்று கேட்பதுபோல, அவ்வளவு மெதுவாக.

"எதுக்கு சார்? உங்களையா நம்ப மாட்டோம்? நாம என்ன ஓடியா போயிடப் போறோம்?" என்றார் ராஜாமணி.

பொன்னுரங்கம் சிரித்தார். அவர் சிரித்தது உண்மை, மறைப்பானேன்? சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேனா மேஜைமேல் கிடந்தது.

"எனக்குச் சம்மதமில்ல."

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. வெண்மதியின் கை. கட்டைவிரல் மட்டுமல்ல, முழுக்கை.

ராஜாமணி சிரித்துவிட்டார். "யம்மா, உன் வூட்டுக்காரரத்தானே தலைவராக்குறோம்?"

"அவர எனக்குத்தாண்ணே நல்லா தெரியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அவர் கெட்டவர் இல்ல. சபாபதி அண்ணனும் கெட்டவர் இல்ல. ஆனா யாராச்சும் எலை போட்டா இவர் உக்காந்துடுவார்" என்றாள்.

பொன்னுரங்கத்துக்கு முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. இத்தனை பேர் நடுவில்! பிறகு கொத்சின் ருசி நாக்கில் வந்தது. காது சிவக்க, சாவிக்கொத்தை மடியிலிருந்து எடுத்து மேஜைக்கு நடுவில் வைத்தார்.

"கைய எறக்கு வெண்மதி. எழுதறேன்."

"நீங்க எழுதுங்க. எழுதுனதும் எறக்கறேன்."

352 சார் பேனாவை எடுத்தார். கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிய வரிதான். 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுக்குழுவின் ஒப்புதல் பெறவேண்டும். கைதட்டி அல்ல, கையை எண்ணி' என்று எழுதி, அடிக்கோடு போட்டு, முற்றுப்புள்ளி வைத்து நிமிர்ந்தார்.

அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள் வெண்மதி.